கம்பளி நூலும் கதையேடும்

வரலாறு என்றதும் முடிசூட்டு விழாக்களையும் போர்க்களங்களையும் உடன்படிக்கைகளையும் நினைப்பது எமக்குப் பழகிப்போய்விட்டது. ஒரு குடும்பம் குளிர்காலத்தின் நீண்ட இரவுகளை எவ்வாறு கழித்தது, எந்த விளக்கின் ஒளியிலே கிழிந்த காலுறையைத் தைத்தது, அந்த விளக்குக்கு எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பனவெல்லாம் வரலாற்று நூல்களின் அடிக்குறிப்புகளிலேனும் இடம்பெறுவது அரிது. அண்மைக்காலத்திலே இதற்கு எதிரானதொரு போக்கும் தோன்றியிருக்கின்றது. நகரத்து இரைச்சலிற் களைத்தவர்கள் கிராமத்து மனையின் கைவேலைகளை ஏக்கத்தோடு நினைந்து பார்க்கின்றனர். வீட்டிலே நூற்ற நூல், வீட்டிலே பின்னிய சட்டை, வீட்டிலே கடைந்த வெண்ணெய் என்பனவற்றை எவருக்கும் கட்டுப்படாத வாழ்வொன்றின் அடையாளங்களாகப் போற்றுகின்றனர். முதலாவது போக்கு உழைத்த கையை மறந்துவிடுகின்றது. இரண்டாவது அந்தக் கைக்குச் சோடனை செய்து, அதன் காய்ப்பை மறைத்துவிடுகின்றது. இவ்விரண்டுக்கும் அப்பாற் சென்று, குளிர்கால மனைவேலையின் உண்மை வரலாற்றை ஒரு நாட்டின் உதாரணத்தைக்கொண்டு ஈண்டு நோக்குதல் எமது கருத்தாகும்.

அந்நாடு ஐஸ்லாந்து. வட அத்திலாந்திக் சமுத்திரத்திலே, துருவ வட்டத்தின் விளிம்பிலே கிடக்கும் எரிமலைத் தீவு அது. 1703ஆம் ஆண்டிலே அங்கு எடுக்கப்பட்ட குடிசன மதிப்பின்படி, நாடு முழுவதிலும் வாழ்ந்தவர்கள் 50,358 பேர். ஒரு நாட்டின் மக்கள் அனைவரையும் பெயர் சொல்லி, வயதும் நிலையும் குறித்து எண்ணிய ஆதிக் கணக்குகளுள் அது முதன்மையானது. அக்காலத்தில் அங்கே பட்டினம் என்று சொல்லத்தக்கது ஒன்றேனும் இருக்கவில்லை. ஒன்றுக்கொன்று எட்டத்திலே தனித்தனியாய் நின்ற கமங்களும், கரையோரத்து மீன்பிடிக் குடில்களுமே நாடு. பனி என்றால் மார்கழி விடியலின் குளிரையே அறிந்த எமக்கு அந்நாட்டுக் குளிர்காலத்தைக் கற்பனை செய்தல் எளிதன்று. மார்கழி நடுவிலே தெற்குக் கரையில் நாலு மணித்தியாலமும், வடக்கில் மூன்று மணித்தியாலமுமே பகல். எஞ்சிய பொழுதெல்லாம் இருள். அந்த இருளுக்குள்தான் ஒரு சமுதாயம் தன் ஆடையையும், தன் வரியையும், தன் இலக்கியத்தையும் உண்டாக்கிக்கொண்டது.

முதலில் வீட்டைப் பார்ப்போம். ஆதிக் குடியேற்றக்காரர் கண்ட சிறுகாடுகள் காலப்போக்கில் வெட்டப்பட்டும் மேயப்பட்டும் அழிந்துபோயின. மரம் அருமையான பொருளாயிற்று. கடல் அடித்து ஒதுக்கும் மரக்கட்டைகளுக்கும் உரிமையாளர் இருந்தனர். ஆகவே, புல்வேரோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளையும் கருங்கல்லையும் அடுக்கிச் சுவர் எழுப்பி, கூரைமேலும் புல்மண்ணைப் பரப்பி வீடு அமைத்தனர். தூரத்திலிருந்து நோக்குபவனுக்கு அது வீடாகத் தோன்றாது. பசும்புல் மூடிய சிறு மேடுகளின் கூட்டமாகவே தோன்றும். உள்ளே பாத்ஸ்தோவா எனப்பட்ட நீண்ட அறை ஒன்றிருந்தது. இருபுறச் சுவரோரங்களிலும் கட்டில்கள். அவற்றிலேதான் உறங்கினர், அவற்றிலே அமர்ந்துதான் உண்டனர், உழைத்தனர். கமத்தின் தலைவனும் தலைவியும், பிள்ளைகளும், வேலையாட்களும், வயோதிபரும், ஊர் ஒப்படைத்த ஆதரவற்றோரும் அந்த ஓரறையிலே வாழ்ந்தனர். விறகு இல்லை. சதுப்பு நிலத்தில் வெட்டி உலர்த்திய கரிமண்ணும் ஆட்டெருவும் அடுக்களைக்கே போதாமையாயின. எனவே பல வீடுகளிலே அவ்வறைக்கு நெருப்பு இருக்கவில்லை. மனிதருடைய உடற்சூடே அறையின் சூடு. சில இடங்களில் மாட்டுக் கொட்டிலின்மேலே அந்த அறையை அமைத்து, பசுக்களின் சூட்டையும் பயன்படுத்தினர்.

குளிர்காலம் உண்மையில் இலையுதிர் காலத்திலேயே தொடங்கிவிடும். கோடையில் அறுத்த வைக்கோலின் அளவைக்கொண்டு, எத்தனை ஆடுகளை அடுத்த வசந்தம்வரை உயிரோடு வைத்திருக்கலாம் என்று கமக்காரன் கணக்கிடுவான். மிஞ்சியவை வெட்டப்படும். உப்பு விலையுயர்ந்த இறக்குமதிப் பண்டம். ஆதலால் இறைச்சியைப் புகையிலிட்டும், குருதியும் மாவும் கலந்து இரைப்பையில் அடைத்தும், புளித்த மோர்த்தெளிவு நிறைந்த பெரும் பீப்பாக்களில் ஊறவைத்தும் பேணினர். ஸ்கீர் என்னும் கட்டித்தயிரிலிருந்து வடியும் நீரே அந்த மோர்த்தெளிவு. ஒன்றின் கழிவு மற்றொன்றின் காப்பாயிற்று. கொழுப்பை உருக்கி நத்தாருக்கு மெழுகுதிரி வார்ப்பர். ஆண்டின் ஏனைய நாட்களுக்கு மீன் ஈரல், சுறா ஈரல், கடல்நாய்க் கொழுப்பு என்பனவற்றின் எண்ணெயே விளக்கெரித்தது. சதுப்பு நிலத்துப் புல்லொன்றின் வெண்பஞ்சைச் சேர்த்துத் திரி திரித்தனர். அவ்விளக்கு வெளிச்சத்தைக் காட்டிலும் புகையையும் நாற்றத்தையுமே தாராளமாகத் தந்ததென்பர்.

அந்த விளக்கைச் சுற்றி அமைந்ததே க்வெல்த்வாக்கா, அதாவது மாலை விழிப்பு, என்ற ஒழுங்கு. அந்திக் கருக்கலிலே எல்லோரும் சற்று நேரம் கண்ணயர்வர். எண்ணெயை மீதப்படுத்துவதற்கு அதுவும் ஓர் உபாயம். நன்றாக இருண்டபின் விளக்கு ஏற்றப்படும். உடனே ஒவ்வொருவரும் தத்தம் இடத்தில் அமர்ந்து வேலையைத் தொடங்குவர். அந்த வேலை பெரும்பாலும் கம்பளி வேலை. ஐஸ்லாந்து ஆட்டின் உரோமம் இருவகைப்பட்டது: மழையைத் தடுக்கும் நீண்ட வெளிமயிர் ஒன்று, சூட்டைக் காக்கும் மென்மையான உள்மயிர் மற்றொன்று. இவற்றைக் கையினாலே பிரித்தெடுத்தல் முதல் வேலை. பின்னர் வாரிச் சிக்கெடுத்தல், நூற்றல், முறுக்கேற்றல், பின்னல். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே இராட்டினம் பரவும்வரை நூற்பு முழுவதும் தக்களியிலேயே நடந்தது. நெசவுக்கோ சுவரிற் சாய்த்து நிறுத்திய தறி. பாவு நூல்களின் அடியிலே கற்களைக் கட்டித் தொங்கவிட்டு இறுக்கினர். அதன் முன்னே நின்றும் நடந்தும் நெய்தவர்கள் பெண்கள். அத்தறியிலே பிறந்த வாத்மால் என்னும் முரட்டுத்துணி மத்திய காலத்தில் அந்நாட்டின் நாணயமாகவே விளங்கியது. நிலத்தின் விலையும், அபராதமும், கடனும் அத்துணியின் முழக்கணக்கிலே மதிப்பிடப்பட்டன. பெண்ணின் கைவேலை ஒரு நாட்டின் பணமாயிருந்தது என்பது ஈண்டு அழுத்திக் கூறத்தக்கது.

பதினாறாம் நூற்றாண்டிலே பின்னல் அந்நாட்டுக்கு வந்து சேர்ந்தது. தறிக்கு இடம் வேண்டும். பின்னலுக்கோ இரண்டு கைகளும் சில ஊசிகளும் போதும். ஆணும் பெண்ணும், முதியோரும் பிள்ளைகளும் பின்னினர். நடந்து செல்கையிலும் பின்னினர். அளவுக்குப் பெரிதாகப் பின்னி, நனைத்து மிதித்து உரைத்துச் சுருங்கவைத்து, காற்றும் நீரும் இலகுவில் நுழையாதபடி இறுக்கமாக்கினர். 1624ஆம் ஆண்டில் 72,000க்கு மேற்பட்ட சோடிக் காலுறைகளும் 12,000க்கு மேற்பட்ட சோடிக் கையுறைகளும் அந்நாட்டிலிருந்து ஏற்றுமதியாயின. ஐம்பதாயிரம் மக்களைக்கொண்ட ஒரு தேசத்திலே இத்தனை சோடிகளும் எந்த ஆலையிலும் பின்னப்படவில்லை; கட்டிலோரத்திலே, எண்ணெய் விளக்கின் மங்கலிலே பின்னப்பட்டன. ஏனைய வேலைகளும் குறைவில்லை. ஆண்கள் குதிரைமயிரைத் திரித்துக் கயிறு முறுக்கினர்; மூடியுள்ள உணவுக் கிண்ணங்களையும் கட்டிற் பலகைகளையும் கடைந்து சித்திரம் செதுக்கினர். பெண்கள் ஆட்டுத் தோலிலும் மீன் தோலிலும் பாதணி தைத்தனர். மீன்தோற் பாதணி எளிதில் தேயும். ஆகவே ஒரு மலைப்பாதையின் நீளத்தை, அதைக் கடப்பதற்குள் தேயும் பாதணிகளின் தொகையாற் சொல்லும் வழக்கமும் உண்டாயிற்று.

கைகள் இவ்வாறு இயங்கிக்கொண்டிருக்கையில் ஒருவர் மட்டும் விளக்கின் அருகே அமர்ந்து வாசிப்பார். அவர் வாசித்தவை பதின்மூன்றாம், பதினான்காம் நூற்றாண்டுகளில் அந்நாட்டு மொழியிலேயே எழுதப்பட்ட ஸாகா என்னும் உரைநடைக் கதைகள். அல்லது ரீமுர் என்னும் நெடுங்கதைப் பாடல்களை இராகத்தோடு ஓதுவார். எதுகையும் மோனையும் இறுகப் பிணைந்த செய்யுள்கள் அவை. குரல்வளம் படைத்த சிலர் குளிர்காலத்திற் கமம் கமமாகச் சென்று பாடி, உணவும் உறைவிடமும் பெற்றனர். வாசிப்பின் நடுவே கேட்போர் கதாபாத்திரங்களின் நியாய அநியாயங்களை விவாதிப்பர். முடிவிலே இறைவழிபாட்டு வாசிப்பு நிகழும்; தபசு காலத்தில் ஹல்க்ரிமுர் பேத்துர்சன் இயற்றி 1666இல் அச்சேறிய திருப்பாடுகளின் கீதங்களைப் பாடுவர். பின்னலூசியும் கையுமாயிருந்த பாட்டியின் முழங்காலருகே அமர்ந்து குழந்தைகள் எழுத்துக் கூட்டினர். பள்ளிக்கூடங்கள் மிக அரிதாயிருந்த அந்நாட்டிலே, பதினெட்டாம் நூற்றாண்டு முடிவதற்குள் மக்களுட் பெரும்பாலானோர் வாசிக்கத் தெரிந்தவராயினர். அந்த அறையே அவர்களின் கல்விக்கூடம்.

இந்த இலக்கியம் அரண்மனையின் ஆதரவிலே வாழ்ந்ததன்று. பதினாறாம் நூற்றாண்டு முதல் அந்நாட்டில் இயங்கிய அச்சுக்கூடம் நெடுங்காலம் திருச்சபையின் கையில் இருந்தது. சமய நூல்களையே அது பெரிதும் அச்சிட்டது. ஸாகாக் கதைகள் சில ஹோலார் என்ற இடத்திலே 1756இல் அச்சேறின. ஆகையால், கதைகளைக் கையாற் பிரதிசெய்து காத்தவர்கள் கமத்து மக்களே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை அவ்வாறு பிரதிசெய்தோர் இருந்தனர். திருச்சபை இதனை எப்போதும் விரும்பியதில்லை. 1746இல் வெளிவந்த அரச கட்டளைகள் வீட்டுத் தலைவனுக்குத் தன் பிள்ளைகளையும் வேலையாட்களையும் கண்டித்து ஒழுங்குபடுத்தும் கடமையை விதித்தன. தகாத கதைகளையும் பாடல்களையும் மக்கள் கேளாதவாறு தடுக்கும்படி வீடுதேடிச் செல்லும் குருமாருக்குப் பணித்தன. மக்களோ கீதங்களையும் பாடினர், கதைகளையும் விடவில்லை.

ஆயினும் வறுமை என்னும் பெரும்பகைவன் முன்னே ஏடும் தப்பவில்லை. ஆர்னி மக்னூசன் (1663–1730) என்ற அறிஞர் தம் வாழ்நாளெல்லாம் பழஞ்சுவடிகளைத் தேடிச் சேகரித்தார். அவருடைய சேகரத்திலே ஒரு பழைய தோலேடு உண்டு. அதிலே வரிசை வரிசையாகத் துளைகள் காணப்படுகின்றன. மா அரிக்கும் அரிதட்டாக அதனை யாரோ பயன்படுத்தியிருக்கின்றனர்! சட்டை வெட்டுவதற்கு அளவாக நறுக்கப்பட்ட ஏடுகளும் எஞ்சியுள்ளன. சுவடியைச் சிதைத்த அந்தப் பெண்ணை அறிவிலியென ஏசுதல் எளிது. நாம் அவ்வாறு ஏசமாட்டோம். குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச மா அரிக்க வேண்டியிருந்தது. அரிதட்டு வாங்க வழியில்லை. தேய்ந்து வாசிக்க முடியாது கிடந்த தோலொன்று கைக்கு எட்டியது. இத்தேவை எப்படி உண்டாயிற்று என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

அதற்கு விடை தருபவரும் அதே ஆர்னி மக்னூசன்தான் என்பது வியப்புக்குரியது. 1702இல் டென்மார்க்கு அரசன் அவரையும் பௌல் வீதலின் என்பவரையும் ஐஸ்லாந்தின் நிலைமையை ஆராய நியமித்தான். 1703ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தியவர்கள் அவர்களே. கமம் கமமாகச் சென்று, நிலம் யாருடையது, குத்தகை எவ்வளவு, எத்தனை பசு, எத்தனை ஆடு என்று அவர்கள் எழுதிவைத்த நிலப்பதிவேடு இன்றும் உண்டு. அது காட்டும் உண்மை கசப்பானது. நிலத்தின் பாதியளவு திருச்சபைக்கும் அரசனுக்கும் உரியதாயிருந்தது. எஞ்சியதிற் பெரும்பங்கு சில குடும்பங்களின் கையிலே திரண்டிருந்தது. கமக்காரருள் மிகப்பெரும்பாலோர் குத்தகைக்காரர். நிலத்தோடு சேர்த்து நிலவுடைமையாளனின் பசுவையும் ஆட்டையும் வாடகைக்கு ஏற்க வேண்டும். அந்த வாடகையை வெண்ணெயாகச் செலுத்த வேண்டும். வீட்டிலே கடைந்த வெண்ணெய் வீட்டாரின் வாய்க்குப் போகுமுன்னரே இவ்வாறு கணக்கெழுதப்பட்டுவிடும்.

குத்தகைக்காரனுக்கும் கீழே இருந்தவன் வேலையாள். சொந்தக் கமமோ குறித்த அளவு உடைமையோ இல்லாத எவரும் ஏதேனும் ஒரு கமத்திலே ஆண்டுக்கணக்கில் வேலையாளாகத் தங்கியேயாக வேண்டும் என்பது சட்டம். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதி முதல் உருவான இந்தக் கட்டுப்பாடு 1783இல் மேலும் இறுக்கப்பட்டது. ஆண்டுக்கொரு முறை, வைகாசி முடிவிலே, ஒரு கமத்தை விட்டு மற்றொரு கமத்துக்கு மாறலாம். எந்தக் கமத்தையும் சாராமல் வாழ முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மக்களுள் ஏறக்குறைய நாலில் ஒருவர் இத்தகைய வேலையாட்கள். கமம் இல்லாதவர்க்குத் திருமணமும் எட்டாக்கனியாயிற்று. மாசி முதல் சித்திரைவரை ஆண் வேலையாட்கள் கரையோரத்துக்கு மீன்பிடிக்க அனுப்பப்பட்டனர். திறந்த படகிலே உயிரைப் பணயம் வைத்து அவர்கள் பெற்ற மீன்பங்கு தலைவனுக்கே உரியது. பெண் வேலையாளின் ஊதியம் ஆணின் ஊதியத்தில் ஏறக்குறையப் பாதி. ஆணின் வேலை முடிந்த பின்னரும் அவளின் வேலை முடிவதில்லை. ஒவ்வோர் ஆணுக்கும் ஒரு பெண் பணிவிடை செய்தல் வழக்கம்: அவனது நனைந்த காலுறையை இழுத்துக் கழற்றல், உலர்த்தல், கிழிசல் தைத்தல், மறுநாட் பாதணியைச் செப்பனிடல் யாவும் அவள் பொறுப்பு. எல்லோரும் ஒரே விளக்கின் கீழே ஒரே கதையைக் கேட்டனர் என்பது உண்மை. ஒரே நிலையிலிருந்து கேட்கவில்லை என்பதும் உண்மை.

நத்தாருக்கு முந்திய நாட்களில் இந்த அழுத்தம் உச்சநிலையை எட்டியது. வணிகனிடம் பட்ட கடனுக்கு ஈடாகக் கம்பளிப் பொருள்களை முடித்துக் கொடுக்கவேண்டிய காலம் அது. நள்ளிரவு கடந்தும் வேலை நடந்தது. உறங்கி விழாதபடி கண்ணிமைகளிலே சிறு குச்சிகளைச் செருகினர் என்று அந்நாட்டு வழக்காறுகளைத் தொகுத்தோர் கூறுகின்றனர். அந்தக் குச்சிகளுக்கும் அந்த வாரத்துக்கும் தனிப் பெயர்களே வழங்கின. நத்தார்ப் பூனை பற்றிய கதையையும் இங்கு நினைவுகூரலாம். நத்தாருக்குப் புதிய ஆடையொன்றேனும் பெறாதவரை அந்தப் பூதப்பூனை பிடித்துக்கொள்ளும் என்பர். இன்று அது குழந்தைகளை மகிழ்விக்கும் வேடிக்கை. இலையுதிர் காலத்துக் கம்பளி முழுவதையும் குறித்த நாளுக்குள் முடிக்கும்படி ஏவிய கதை அது என்பதை, குச்சி செருகிய கண்களோடு சேர்த்துப் பார்த்தால் விளங்கிக்கொள்ளலாம்.

பின்னிய காலுறை எங்கே போயிற்று? 1602 முதல் 1787 வரை ஐஸ்லாந்தின் வியாபாரம் முழுவதும் டென்மார்க்கு அரசனின் அனுமதி பெற்றோரின் ஏகபோகமாயிருந்தது. நாட்டைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியாரும் தமக்குக் குறித்த வணிகனிடமே விற்கவும் வாங்கவும் வேண்டுமென விதித்தனர். 1699ஆம் ஆண்டில் ஹோல்ம்பாஸ்துர் குத்முந்த்சன் என்ற ஏழைக் குடியானவன் தன்னிடமிருந்த சில மீன்களை அயற்பகுதித் துறையிலே விற்றதற்காகச் சவுக்கடி பெற்றான். மீனுக்கு விதித்த நியதியே காலுறைக்கும். குளிர்கால இரவுகளின் உழைப்பு முழுவதும், விலைபேசும் உரிமையற்ற நிலையிலே, மாவுக்கும் இரும்புக்கும் தூண்டிற் கயிற்றுக்கும் கைமாறியது. தன் தேவையைத் தானே நிறைவேற்றும் மனை என்று நாம் கருதும் அந்தக் கமம், உண்மையில் கொப்பன்ஹேகன் கணக்குப் புத்தகத்தோடு கட்டப்பட்டிருந்தது.

இக்கட்டை அவிழ்க்க முயன்றவர்களும் இருந்தனர். ஸ்கூலி மக்னூசன் என்பவர் 1750களின் தொடக்கத்தில் றெய்க்கியாவிக் என்ற கமத்திலே கம்பளித் தொழிற்சாலைகளை நிறுவினார். புதிய இராட்டினங்களும் கிடைத்தறிகளும் வந்தன. பின்னாளில் அந்நாட்டின் தலைநகராக வளர்ந்த பட்டினத்தின் வித்து அதுவே. ஏகபோக வணிகரின் எதிர்ப்பும், 1764இல் ஏற்பட்ட தீயும் அம்முயற்சியை நலியச்செய்தன. 1783இல் லாக்கி எரிமலைப் பிளவு வெடித்தது. நச்சுப் புகையாற் புல் கருகி, ஆடுகளிற் பெரும்பாலானவை மடிந்தன. தொடர்ந்த பஞ்சத்தில் மக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினர் மாண்டனர். 1801இல் எண்ணியபோது 47,000 பேரே இருந்தனர். ஒரு நூற்றாண்டு முழுவதும் பின்னியும் நூற்றும் உழைத்த சமுதாயம், அதன் முடிவிலே தொடக்கத்தைக் காட்டிலும் சிறுத்திருந்தது.

அந்த அறையின் ஒழுங்கைக் குலைத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதி. மண்ணெண்ணெய் விளக்கு வந்தது, அடுப்பு வந்தது. 1870களிலிருந்து பல ஆயிரம் பேர் வட அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தனர். பெரிய மீன்பிடிக் கப்பல்கள் காசுக்கூலி கொடுத்தன. 1863இலும் 1894இலும் வேலையாட் சட்டம் தளர்ந்தது. 1896இலும் 1897இலும் கம்பளி ஆலைகள் எழுந்தன. 1880இற் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணிதமும் கற்பிக்கவேண்டுமெனச் சட்டம் பிறந்தது. அதுவரை வாசிக்க மட்டுமே கற்று, எழுதக் கேட்டால் பெண்ணுக்கேன் எழுத்து எனத் தடுக்கப்பட்ட சிறுமியர் பலர். 1915இல் நாடாளுமன்ற வாக்குரிமை விரிந்தபோது, அதனை முதன்முறையாகப் பெற்றோர் இரு சாரார்: பெண்களும் ஆண் வேலையாட்களும். அப்போதும் நாற்பது வயது நிரம்பியிருக்கவேண்டும் என்ற நிபந்தனை வைக்கப்பட்டது. 1920இலேயே அது நீங்கியது. விளக்கின் அருகே கைவேலை செய்துகொண்டிருந்த அவ்விரு சாராரும் ஒரே சட்டத்தினால் ஒருங்கே குடிகளாக மதிக்கப்பட்டமை தற்செயலாகாது.

1930இல் வானொலி தொடங்கியது. அது ஒலிபரப்பிய ஒரு நிகழ்ச்சிக்கும் மாலை விழிப்பு என்ற பழம்பெயரே சூட்டப்பட்டது. தோள்களைச் சுற்றி வட்டச் சித்திரம் அமைந்த கம்பளிச் சட்டையை அந்நாட்டின் தொன்மைச் சின்னமென எண்ணி இன்று பயணிகள் விலை கொடுத்து வாங்குகின்றனர். அது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே உருவான வடிவம். பாட்டிமார் பின்னிய காலுறைக்கு அத்தகைய சித்திரமும் இல்லை, அத்தகைய விலையும் கிடைத்ததில்லை. 1977இல் பின்னுவோர் தமக்கென ஒரு சங்கம் அமைத்துத் தம் கைவேலையைத் தாமே விற்கத் தொடங்கினர். மூன்று நூற்றாண்டு காலமாக இல்லாதிருந்த ஒன்று அதனாற் கைகூடியது: தன் நூலுக்குத் தானே விலை சொல்லும் உரிமை.

அதற்கு இரண்டாண்டு முன்னர், 1975 ஐப்பசி 24ஆம் நாள், அந்நாட்டுப் பெண்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வேலையை நிறுத்தினர். அலுவலகத்தையும் ஆலையையும் மட்டுமன்றி அடுக்களையையும் தொட்டிலையும் அன்று ஒருநாள் விட்டு நீங்கினர். பாடசாலைகள் பல மூடப்பட்டன. தந்தையர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வேலைத்தலங்களுக்குச் சென்றனர். மனைவேலை எத்துணைப் பெரிய வேலை என்பதைக் கணக்கிட்டுக் காட்ட நூலாசிரியரால் முடியாததை, ஒரு நாள் ஓய்வு காட்டிற்று. அடுத்த ஆண்டே ஆண் பெண் சமத்துவச் சட்டம் நிறைவேறியது. 1980இல் விக்தீஸ் பின்போகதோத்திர் என்ற பெண்மணி மக்களின் வாக்கினால் அந்நாட்டின் தலைவியானார்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்வது யாது? குளிர்கால மனைவேலை அடிமைத்தனத்தின் சின்னமேயென்று அதனை வெறுத்தொதுக்குவது பிழையாகும். அந்த அறை இல்லையேல் ஸாகாக் கதைகள் கன்றுத்தோலிலே மக்கிப்போயிருக்கும். ஒரு மொழி தன் பழமையோடு உறவறுந்து நின்றிருக்கும். 1955இல் நோபல் பரிசு பெற்ற ஹல்ட்டோர் லக்ஸ்னெஸ், தாம் எழுத்தறியுமுன்னரே பழஞ்செய்யுள்களை வாய்மொழியாகப் புகட்டிய தம் பாட்டியை அப்பரிசு வழங்கும் வேளையில் நினைவுகூர்ந்தார். குத்தகைக் கமக்காரனின் அவலத்தை நாவலாக்கியவரும், சவுக்கடி பெற்ற ஹோல்ம்பாஸ்துரைக் கதாபாத்திரமாக்கியவரும் அவரே. பாட்டியிடம் பட்ட கடனையும், பாட்டியர் பட்ட துன்பத்தையும் ஒருங்கே நினைக்க அவரால் முடிந்தது.

நாமும் அவ்வாறே நினைத்தல் வேண்டும். கையாற் செய்த பொருளொன்றைக் காணும்போது அதன் அழகை வியப்போம். வியந்தபின், அதைச் செய்தவள் எந்த நேரத்திலே செய்தாள், யாருக்காகச் செய்தாள், என்ன பெற்றாள் என்றும் கேட்போம். ஆர்னி மக்னூசனின் சேகரத்திலுள்ள அந்தத் துளையிட்ட ஏட்டிலே எழுத்துக்களும் இருக்கின்றன, துளைகளும் இருக்கின்றன. எழுத்துக்களை வாசிப்பதற்கு அறிஞர் பலர் உளர். துளைகளையும் வாசிக்கக் கற்றுக்கொள்வதே வரலாறு எழுதுவோர்க்கு எஞ்சியிருக்கும் பணியாகும்.